நான்கு வீடுகளில் வேலை, ஒரு வீட்டிலும் தொழிலாளி இல்லை

சென்னையில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் காலை ஆறரை மணிக்குச் சற்று நேரம் நின்று பாருங்கள். நாற்காலியில் இருக்கும் காவலாளி ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். அவருடைய சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்காகப் பிடித்து, நிறுவனம் தன் பங்காக மூன்றேகால் ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அவருக்குக் காய்ச்சல் என்றால் போய் நிற்க ஓர் இ.எஸ்.ஐ. மருந்தகம் இருக்கிறது. கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் பெரிய மருத்துவமனைகளே இருக்கின்றன. அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதே அட்டை செல்லும். படிக்கட்டைத் துடைக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் இதே உரிமை உண்டு. அந்த நேரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களைக் கடந்து உள்ளே போகிறார்களே, பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கித் துடைக்கும் பெண்கள், அவர்களுக்கு இதில் எதுவும் இல்லை.

ஒரே வாசல், ஒரே வளாகம், ஏறக்குறைய ஒரே சம்பளம். உள்ளே போகும் பெண் காவலாளியைவிடக் குறைவாக உழைப்பதும் இல்லை. முதல் வீட்டில் இரண்டு மணி நேரம், அடுத்த வீட்டில் ஒன்றரை, மூன்றாவது வீட்டில் சமையலும் சேர்த்து இரண்டரை, கடைசியாக ஒரு வீட்டில் இரண்டு. அவர் படியிறங்கும்போது மணி மூன்று ஆகியிருக்கும். எட்டு மணி நேர உழைப்பு. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் அவர் இரண்டு மணி நேரம் வந்துபோகும் ஆள். 'பார்ட் டைம்' என்கிறோம். நான்கு பகுதி நேரங்களைச் சேர்த்து ஒரு முழு நேரமாகப் பார்க்கும் கண் சட்டத்துக்கு இல்லை. குறைந்த கூலிக்குப் பகுதி நேரம் உழைப்பவர்களின் மருத்துவ உரிமை பற்றிய குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் முடிச்சிட்டுக் கிடக்கிறது.

இது எப்படி வந்தது என்று பார்க்கச் சுதந்திரத்துக்கு முன்னால் போக வேண்டும். தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944-ல் அறிக்கை கொடுத்தார். 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டம், அதாவது தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், வந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் 1955-ல் கோயம்புத்தூரிலிருந்து அது வேர்பிடித்தது. கான்பூரும் கோவையும் ஆலைகளின் ஊர்கள். சங்கு ஊதினால் உள்ளே போகிற, மறுபடி ஊதினால் வெளியே வருகிற, ஒரே முதலாளியிடம் பல ஆண்டுகள் இருக்கிற தொழிலாளிதான் அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் இருந்தவர். அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய சிந்தனை, அதில் ஐயமில்லை. ஆனால் உரிமையை அவர்கள் தொழிலாளியின் உடம்போடு கட்டவில்லை, வேலை நடக்கும் இடத்தோடு கட்டினார்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும், மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பவை இன்றுள்ள முக்கிய வரம்புகள். ஒரு குடும்பம் வாழும் வீடு இந்தக் கணக்கில் எங்கும் வராது.

இ.எஸ்.ஐ. என்றால் இலவச மருந்து என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். அதன் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. நோயுற்று வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை, சம்பளத்தில் 70 விழுக்காடு கைக்கு வரும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்கள் என்றால் இன்னும் கூடுதல் காலம். பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் அடிபட்டு ஊனமானால் ஓய்வூதியம்போல மாதந்தோறும் பணம். ஆஸ்பத்திரிச் செலவை ஒருவர் கட்டிவிடலாம். அந்த மாதம் அரிசிக்கும் வாடகைக்கும் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு இந்தியாவில் இருக்கும் மிகச் சில பதில்களில் இது ஒன்று.

பகுதி நேரம் என்பதாலேயே இ.எஸ்.ஐ. மறுக்கப்படும் என்று எண்ண வேண்டாம். சட்டத்துக்குள் வரும் கடையிலோ உணவகத்திலோ பாதி நாள் வேலை செய்பவரும் காப்பீட்டுக்கு உரியவர்தான். இதைத் தெரியாமலேயே பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தெரிந்தும் மறைக்கிற முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் நோய்க்கால உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதம் என்பது 26 வாரம். வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றால் 26-ஐ மூன்றால் பெருக்குங்கள், சரியாக 78. சம்பளமில்லாமல் ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் 77 ஆகிவிடும். தினமும் நான்கு மணி நேரம் வாரத்தில் ஆறு நாள் போகும் பெண்ணுக்கும், எட்டு மணி நேரம் வாரத்தில் மூன்று நாள் போகும் பெண்ணுக்கும் வாரத்துக்கு அதே 24 மணி நேரம்தான். முதலாமவருக்கு 156 நாள் கணக்கில் ஏறும். இரண்டாமவர் விளிம்பில் நிற்பார். வாரம் இரண்டு நாள் மட்டும் வேலை கிடைப்பவருக்கு 52 நாள்தான் தேறும். நோய்க்கால உதவித்தொகை அவருக்குக் கிடைக்காது, சந்தா மட்டும் தொடர்ந்து பிடிக்கப்படும்.

எல்லைக்கோடு போடும் இடத்தில் மனிதர்கள் விழுவது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 2010-ல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், 50 முழு நேர ஊழியர்களுக்கு நிகராக ஆட்களை வைத்திருக்கும் நிறுவனம் வாரம் 30 மணி நேரம் உழைப்பவருக்குக் காப்பீடு வழங்க வேண்டும், இல்லையேல் அபராதம் என்றது. 29 மணி நேரத்தோடு வேலையை நிறுத்திக்கொள்ளும் அட்டவணைகள் அங்கே பேசுபொருளாயின.

மீண்டும் வீட்டு வேலைக்கு வருவோம். இ.எஸ்.ஐ. இல்லையென்றால் என்ன, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பது உடனடியாக வரும் கேள்வி. நியாயமான கேள்வி. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இன்று மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி செய்கிறது. இதய அறுவை சிகிச்சையும் புற்றுநோய்ச் சிகிச்சையும் ஏழை வீட்டு மனிதர்களுக்கு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கின்றன என்றால் அதற்கு இத்திட்டமும் ஒரு காரணம். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் வருமான வரம்பைப் பாருங்கள். தொடக்கத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. இப்போது 1,20,000 ரூபாய். மாதத்துக்கு 10,000. ஒரு கணக்குக்காக, வீட்டுக்கு 3,000 ரூபாய் வீதம் நான்கு வீடுகள் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பெண்ணின் வருமானமே 12,000 ஆகிவிடும். கணவர் ஆட்டோ ஓட்டியோ கொத்து வேலை பார்த்தோ கொண்டுவருவதைச் சேர்க்கவே தேவையில்லை. இ.எஸ்.ஐ.யின் வரம்பு தனி ஆளுக்கு மாதம் 21,000, இதன் வரம்பு குடும்பத்துக்கே 10,000. இந்த இரண்டுக்கும் இடையில் வாழ்கிற நகர்ப்புறக் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் ஒரு வாசலில் தொழிலாளி இல்லை, மறு வாசலில் ஏழை இல்லை. வருமானச் சான்றிதழில் என்ன தொகை எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் அறுவை சிகிச்சை அமைவது நல்ல ஏற்பாடாகத் தெரியவில்லை.

அட்டை கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். பெரும்பாலும் அது படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான அட்டை. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் உடம்பை அரிப்பவை படுக்கைவரை போகாத நோய்கள். நாளெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி விரலிடுக்குகளில் தோல் வெடித்து எரிவது. குனிந்து துடைத்துத் துடைத்து வரும் இடுப்பு வலி, மூட்டு வலி. இரத்தச் சோகை. காலை ஆறரையிலிருந்து மூன்று மணிவரை எந்த வீட்டிலும் கழிப்பறையைப் பயன்படுத்தச் சொல்லாததால், தண்ணீரே குடிக்காமல் அடக்கி வைத்து வருகிற சிறுநீர்த் தொற்று. (வேலைக்கு வரும் பெண்ணிடம் கழிப்பறை இங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை. இன்றே சொல்லலாம்.) நாற்பது வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். இவற்றுக்கெல்லாம் வேண்டியது புறநோயாளிச் சிகிச்சை, தொடர்ந்து மாத்திரை, இடையில் இரண்டு நாள் ஓய்வு.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். மாத்திரை தட்டுப்பாடில்லாமல் வரும் அமைப்பை இந்த மாநிலம் முப்பது ஆண்டுகளாகக் கட்டிக்காத்து வருகிறது. பல மாநிலங்களில் பார்க்க முடியாத வலிமை அது. இங்கே தடை மருந்தின் விலையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளில் பொதுப் புறநோயாளிப் பிரிவு இயங்குவது காலையில். ஓ.பி. சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, இரத்தம் கொடுத்து, மருந்துக்கு வரிசையில் நிற்பதற்குள் பகல் ஆகிவிடும். அதே காலைப் பொழுதில்தான் நான்கு வீட்டுப் பாத்திரங்களும் காத்திருக்கும். மாலையில் இயங்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இதில் பெரிய ஆறுதல். ஆனால் ஸ்கேன் என்றும் சிறப்பு மருத்துவர் என்றும் எழுதிக் கொடுத்தால் மறுபடி காலை வரிசைதான்.

ஒரு நாள் விடுப்பு எடுப்பது இவர்களுக்கு நான்கு இடங்களில் அனுமதி கேட்பது. ஒரு வீட்டில் சரி என்பார்கள். இன்னொரு வீட்டில் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது வீட்டில் மாற்று ஆளை அனுப்பு என்பார்கள், அந்த ஆளுக்குக் கூலியை இவர்தான் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் படுத்துவிட்டால் அந்த மாற்று ஆளே நிலைத்துவிடும் அபாயம் உண்டு. கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிற பெண்களுக்கு இது இன்னும் கடினம். நகரத்தின் நடுவே இருந்த குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்டவர்கள் அவர்களில் பலர். பழைய வீடுகளின் வேலையை விட மனமில்லாமல் மயிலாப்பூருக்கும் மந்தைவெளிக்கும் இன்னும் போய் வருகிறார்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது அவர்கள் கையில் பணத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் பயண நேரம் குறையவில்லை. வேலை, பயணம், ஆஸ்பத்திரி மூன்றும் ஒரு நாளில் அடங்காது. எனவே ஆஸ்பத்திரிதான் விடுபடும். மருந்துக் கடையில் இரண்டு வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்கு வருவார்கள். சர்க்கரைக்கு அப்படி ஐந்தாண்டு போனால் கால் புண்ணாகி, அப்போது படுக்கையில் சேர்க்க வேண்டிவரும். காப்பீட்டு அட்டை அந்தக் கட்டத்தில்தான் வேலை செய்யத் தொடங்கும்.

நல வாரியம் என்ன செய்கிறது? தமிழ்நாடு இதில் முன்னோடி. 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றிய மாநிலம் இது. 1999-ல் வீட்டு வேலை அந்தச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தது, 2007-ல் தனி வாரியமே அமைந்தது. பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் கண்ணாடிக்கும் உதவி உண்டு. 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. இன்னும் பதிவு செய்யாத பெண்கள் இருந்தால் உடனே செய்துகொள்ள வேண்டும், 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். ஆனால் நோயுற்ற மாதத்துக்கு வருமானம் தரும் ஏற்பாடு அந்த வாரியத்தில் இல்லை. காரணம் எளிது. வேலை வாங்கும் வீட்டுக்காரர் அதில் ஒரு பைசாவும் கட்டுவதில்லை. அரசு தருகிற பணத்தில் அங்கங்கே சிறு உதவி செய்ய முடியும், சம்பளத்துக்கு ஈடு கொடுக்க முடியாது.

2018-ல் மாநில அரசு வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. தொகை மிகச் சிறியது. ஆனாலும் அதில் ஒரு முக்கியமான அடி எடுத்து வைக்கப்பட்டது. கூலியை மணிக்கணக்கில் நிர்ணயித்ததன் மூலம், ஒரு பெண் எத்தனை வீட்டில் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் அது உழைப்புதான் என்று அரசே ஒப்புக்கொண்டது. கூலிக்குப் பொருந்துவது காப்பீட்டுக்கு ஏன் பொருந்தக் கூடாது என்பதே என் கேள்வி.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதைத் தீர்க்குமா? சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குத் திட்டங்கள் வகுக்க இடம் இருக்கிறது. செயலிகள் வழியாக வேலை தரும் நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை தொழிலாளர் நலனுக்குத் தர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நல்லதே. ஆனால் தொழில் உறவுகள் தொகுப்பு, தொழில் என்பதற்கான வரையறையிலிருந்து வீட்டுப் பணியை வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. ஒரே பெண், ஒரே வீடு, ஒரே பாத்திரம். செயலி அனுப்பி வந்தால் அவர் நலனுக்கு ஒரு நிறுவனம் பணம் கட்ட வேண்டும். நேரடியாகக் கதவைத் தட்டி வந்தால் யாரும் கட்ட வேண்டியதில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கைக்கு 2011-ல் ஆதரவாக வாக்களித்த இந்தியா, இன்றுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனிச்சட்டம் வேண்டுமா என்று ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசைப் பணித்தது.

பல முதலாளிகள் இருந்தால் யாரிடம் வசூலிப்பது என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். இதற்கு இந்தியாவிலேயே பழைய விடை இருக்கிறது. மும்பைத் துறைமுகத்திலும் சந்தைகளிலும் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளி காலையில் ஒரு வியாபாரிக்கும் மாலையில் இன்னொருவருக்கும் சுமப்பவர். அவர்களுக்காக மகாராஷ்டிரம் 1969-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வியாபாரிகள் கூலியையும் அதன்மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் கட்டுவார்கள். வாரியம் கூலியைக் கொடுத்துவிட்டுத் தீர்வையிலிருந்து மருத்துவம், விடுப்பு, வைப்பு நிதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். கட்டடத் தொழிலாளிக்கும் பல மேஸ்திரிகள்தான், பல முதலாளிகள்தான். கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வை என்று வைத்து அந்தச் சிக்கலைத் தாண்டினோம். பிரான்சில் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் குடும்பம் மணிக்கணக்கைத் தெரிவித்தால் போதும், சந்தாவை அரசு அமைப்பே கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறது. மூன்று மாதத்தில் எல்லா வீடுகளும் சேர்த்து 150 மணி நேரம் வந்துவிட்டால் நோய்க்கால உதவித்தொகைக்கு வழி திறந்துவிடும். நான்கு பகுதி நேரத்தைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த சட்டம் அது.

நம் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இ.எஸ்.ஐ.யின் விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். 3,000 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு வீட்டின் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது மாதம் 97 ரூபாய் 50 பைசா. நான்கு வீடுகளுக்கு 390 ரூபாய். 12,000 ரூபாயில் அந்தப் பெண்ணின் பங்கு 90. ஆக மாதம் 480 ரூபாய். இதற்கு ஈடாகக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம், ஒரு மாதம் படுத்தால் சம்பளத்தில் 70 விழுக்காடாகிய 8,400 ரூபாய், பிள்ளை பிறந்தால் 26 வாரச் சம்பளம். ஒரு வீட்டுக்குத் தொண்ணூற்றேழு ரூபாய் ஐம்பது காசு. குடியிருப்புச் சங்கங்கள் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கின்றன. அதில் ஒரு வரி கூடுதலாக இருக்கும். மணிக்கணக்குக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால், வாசலில் இருக்கும் காவலாளியின் கைபேசிச் செயலியில் அந்தப் பெண் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எந்த வீட்டுக்குப் போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்பது எல்லாம் நாள் தவறாமல் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. திருட்டைத் தடுப்பதற்காகச் சேர்த்த அந்தப் பதிவு, அவர் உழைப்புக்கும் சாட்சியாக நிற்க முடியும்.

தனி வீடுகளுக்கு இது அவ்வளவு எளிதாகப் பொருந்தாது என்பதை மறுக்கவில்லை. அங்கே வாரியம்தான் வசூலிக்க வேண்டும், அதற்கு ஆட்கள் வேண்டும், மனம் வேண்டும். அடுக்குமாடிகளில் தொடங்கலாம்.

அதுவரை என்ன நடக்கிறது என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். அவர் பகலில் வந்து கதவைத் தட்டும்போது, பல வீடுகளில் மாத்திரைக்கு உரியவர் இன்னொருவர் வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அக்கா வந்ததும் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். தெருத் தெருவாக நடக்கும் அந்தப் பெண்ணுக்குத் திட்டம் தொடங்கியபோது மாதம் 4,500 ரூபாய் கொடுத்தார்கள். அதன் பெயர் ஊக்கத்தொகை. சம்பளம் என்று பெயரில்லாததால் அவரையும் தொழிலாளி என்று யாரும் சொல்வதில்லை.